எந்த வண்டிக்கு நிக்கிறீங்க?



அரக்கோணம் ஜங்ஷனில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுக்க ஒரே கேள்வி போதும். "எந்த வண்டிக்கு நிக்கிறீங்க?" சென்னைக்கா, திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்கா, காட்பாடி பக்கமா, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கா? நான்கு பக்கமும் இங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போனதும் இந்த வழியாகத்தான். லோகோ ஷெட், ஒர்க்‌ஷாப் என்று ஊரே தண்டவாளத்தைச் சுற்றி வளர்ந்தது. தெருவுக்குத் தெரு ஒரு ரயில்வே குடும்பம் இருக்கும்.

அதனால் இன்றைக்கு நான் பேசப்போவது எங்கள் ஊருக்குப் புதிய விஷயம் இல்லை. வாய்விட்டுப் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற ஒரு லோகோ பைலட்டிடம் சாயங்கால நேரத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனதைச் சொல்வார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள ஒருவர் பாலத்துக்கோ தண்டவாளத்துக்கோ வந்துவிடுகிறார். அவரைத் தடுக்க அங்கே ஒரு வேலியோ வலையோ போட வேண்டும், அதற்குப் பணம் கொடுங்கள் என்று உலகத்தில் பல நகரங்கள் அரசாங்கத்தின் வாசலில் நின்றிருக்கின்றன. கேட்ட இடத்திலெல்லாம் அவற்றுக்குக் கிடைத்த முதல் பதில் ஒன்றுதான். "சாகணும்னு முடிவு பண்ணினவனை உங்க வேலியா தடுக்கப்போகுது? இங்க இல்லன்னா இன்னொரு இடம்." நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அனுபவசாலி பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் தப்பு.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் கோல்டன் கேட் பாலம் 1937-ல் திறக்கப்பட்டது. அங்கே கடைசி நேரத்தில் காவலர்களும் வழிப்போக்கர்களும் பிடித்து நிறுத்திய மனிதர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்கிற பேராசிரியர் தேடிப் போனார். 1937-லிருந்து 1971 வரை அப்படித் தடுக்கப்பட்டவர்கள் 515 பேர். 'இன்னொரு இடம்' என்கிற கணக்கு சரியாக இருந்தால் அவர்களில் பெரும்பாலானவர்கள் வேறெங்கோ போய் இறந்திருக்க வேண்டும். அவருடைய ஆய்வு 1978-ல் வெளிவந்தது. அவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் ஒன்று உயிரோடு இருந்தார்கள், இல்லாவிட்டால் வயதாகியோ நோய்வாய்ப்பட்டோ இயற்கையாக இறந்திருந்தார்கள்.

வேண்டும் என்று யாரும் செய்யத் துணியாத ஒரு சோதனை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் தானாகவே நடந்துவிட்டது. அங்கே கிராஃப்டன் பாலத்தில் அறுபது ஆண்டுகளாகத் தடுப்பு இருந்தது. பார்க்க அழகாக இல்லை என்று சொல்லி 1996-ல் அதைக் கழற்றினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே உயிரிழப்பு ஐந்து மடங்கானது. 2003-ல் புதிதாக ஒரு தடுப்பைக் கட்டினார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள் அந்தப் பாலத்தில் ஒரு உயிரிழப்பையும் காணவில்லை.

எதிர்க்கேள்விக்கு இடம் கொடுத்த ஊரும் உண்டு. கனடாவின் டொரண்டோ நகரத்தில் ஒரு பெரிய பாலத்துக்கு 2003-ல் கம்பித் திரை போட்டார்கள். அதை ஆராய்ந்து 2010-ல் வந்த கட்டுரை, அந்தப் பாலத்தில் குறைந்தது உண்மை, ஆனால் நகரத்தின் மொத்தக் கணக்கு குறையவில்லை என்றது. எதிர்த்தவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் சில ஆண்டுகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்து 2017-ல் அடுத்த கட்டுரை வந்தது. வேறு பாலங்களுக்கு இடம்பெயர்ந்தது நிலைத்து நிற்கவில்லை, குறைந்தது குறைந்ததாகவே இருக்கிறது என்று அது சொன்னது.

ஒரு கம்பி வேலியால் இது எப்படி முடிகிறது? திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகைக்குப் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். லட்சக்கணக்கில் காவடி வருகிறது. முன்கூட்டியே சவுக்குக் கட்டைகளை நட்டுக் கயிற்றால் கட்டி, வளைத்து வளைத்து வரிசை போடுகிறோம். அவ்வளவு கூட்டத்தையும் சவுக்குக் கட்டையா தாங்கப்போகிறது? முண்டினால் ஒரு நிமிஷத்தில் சாய்ந்துவிடும். ஆனாலும் கட்டுகிறோம். நெரிசலில் உயிர் போவது அந்த ஒரு நிமிஷத்தில்தான். வளைந்து போகும்போது கூட்டத்தின் வேகம் குறைகிறது, முண்டியவருக்கே நிதானம் திரும்புகிறது. மனசுக்குள் வரும் நெரிசலும் அப்படிப்பட்டதுதான். மாதக்கணக்கில் வேதனை இருந்திருக்கலாம். ஆனால் அது உச்சத்துக்கு ஏறி நிற்கிற நேரம் பலருக்கும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் கடந்துவிட்டால் அதே மனிதர் டாக்டரைப் பார்ப்பார், அக்காவுக்குப் போன் போடுவார், அழுதுவிட்டுத் தூங்குவார். வேலி அவருடைய கஷ்டத்தைத் தீர்ப்பதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திக் கொடுக்கிறது.

சரி, பணம்? இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

கோல்டன் கேட் பாலத்துக்கு வலை போடுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது 2008-ல். முடிவோடு ஒரு நிபந்தனையும் வந்தது. பாலத்தில் வசூலாகும் சுங்கப் பணத்தை இதற்குத் தொடக்கூடாது! பாலத்துக்குச் சாயம் பூசலாம், இதற்கு மட்டும் ஆகாது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஒரு கூட்டம்கூடத் தவறாமல் வந்து பேசினார்கள். பாலங்களில் இப்படிப்பட்ட தடுப்புக்கு மத்திய அரசின் நிதியைச் செலவிடலாம் என்று 2012-ல் சட்டத்திலேயே ஒரு வழி திறந்தது. 2014 ஜூனில் ஒருவழியாக 7.6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் 4.9 கோடி மத்திய அரசு வழியாக வந்தது, 70 லட்சம் மாநிலத்தின் மனநல நிதி, மிச்சம் 2 கோடி தொடவே கூடாது என்ற அதே சுங்கப் பணம். டெண்டர் திறந்து பார்த்தால் கேட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இழுத்து இழுத்து 2024 ஜனவரியில் வேலை முடிந்தபோது செலவு 22 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. நம் ஊர் மேம்பால வேலை இழுக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, அவர்களுக்கு முடிவெடுத்ததிலிருந்து பதினைந்து ஆண்டு ஆனது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆண்டும் செலவு ஏறியது. ஏறியது செலவு மட்டுமா?

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. மங்களூருவில் நேத்ராவதி ஆற்றுப் பாலம். 2019 ஜூலையில் நாடே பேசிய ஒரு சாவுக்குப் பிறகுதான் அங்கே கம்பி வலை வேண்டும் என்ற கோரிக்கை சூடுபிடித்தது. பாலம் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. வலைக்கு முன்வந்ததோ அந்த ஊரின் நகர வளர்ச்சி ஆணையம். இரண்டு பக்கமும் வலை வந்தது, கேமராவும் வந்தது. பாலம் யாருடையது என்ற விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளூர்க்காரர்கள் பணத்தை எடுத்து வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் காரியம் நகர்ந்தது. ஆனால் ஒரு பெரிய மனிதருக்காக நாடு திரும்பிப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அரக்கோணத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்து ஆறுகளில் ஆண்டில் பாதி நாள் மணல்தான் ஓடும். எங்களுக்குப் பாலத்தைவிடத் தண்டவாளம்தான் கவலை. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருக்கும். வண்டி வந்து நின்ற பிறகுதான் அது திறக்கும். தென்கொரியாவின் சோல் நகரத்தில் மெட்ரோ நிலையங்களுக்கு இந்தக் கதவு போட்ட பிறகு அங்கே நடந்த உயிரிழப்பு 89 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. அதை இங்கே போட முடியாதா என்று கேட்டால், இன்றைய நிலையில் கஷ்டம்தான். எங்கள் நடைமேடைக்கு லோக்கலும் வரும், எக்ஸ்பிரஸும் வரும், நிற்காத வண்டியும் வரும். ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் நீளம் வேறு, கதவு இருக்கும் இடம் வேறு. மெட்ரோவுக்கு ஒரே மாதிரி வண்டி என்பதால் அங்கே சாத்தியமாகிறது.

ஆனால் ஊரை ஒட்டிய இடங்களில் தண்டவாளத்துக்கு வேலி போடலாம். சென்னை–ரேணிகுண்டா தடத்தில் 2022 அக்டோபரிலிருந்து வண்டிகள் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் வரை போக அனுமதி உண்டு. வேகத்தைக் கூட்டும் தடங்களில் மாடும் மனிதரும் குறுக்கே வராமலிருக்க ரயில்வேயே வேலி கட்டுகிறது. அப்படிக் கட்டும்போது எந்த இடத்துக்கு முதலில் வேண்டும் என்று கேங்மேனையும் கேட் கீப்பரையும் கேட்டால் போதும். அவர்களுக்குத் தெரியாத இடம் இல்லை. பணம் எந்தத் தலைப்பில் வரும் என்ற கேள்வி உடனே எழும். தண்டவாளம் ரயில்வேக்கு, பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு, தெரு நகராட்சிக்கு, நடந்த பிறகு விசாரணை போலீசுக்கு என்று பிரிந்து கிடக்கிறது. அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம், திருத்தணி திருவள்ளூர் மாவட்டம். ஆனால் நாடாளுமன்றத்துக்கு இரண்டும் ஒரே தொகுதி. ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. பயணியர் நிழற்குடைக்குக் கேட்பதைப்போல இதற்கும் மனு எழுதிக் கேட்கலாம். இதுவரை கேட்கத்தான் கூச்சப்பட்டிருக்கிறோம்.

எல்லா வேலியும் இரும்பால் ஆனதில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்களில் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். செய்தவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கியவர். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் கட்டி, வங்கி லாக்கர் மாதிரி வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். வயலுக்குத் தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இறப்பும் குறைந்தது. இதுவும் அதே சவுக்குக் கட்டைக் கணக்குதான். வீட்டுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே நடக்கிற தூரம் இருக்கிறதே, அது ஒரு வேலி. பிளஸ் டூவில் தவறியவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் கொஞ்ச நாளிலேயே எழுதுவதற்குத் துணைத் தேர்வு வந்தது. அதுவும் வேலிதான். அதற்கு ஒரு டன் இரும்பும் தேவைப்படவில்லை.

2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 'குற்ற' ஆவணம் என்ற அந்தப் பெயர்தான் உறுத்துகிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தும் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரியில் உண்மையை மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மறைக்காதீர்கள்.

இப்போது ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 14416. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. டெலி மனஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-லும் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் யோசிக்காமல் கூப்பிடுங்கள். பக்கத்தில் யாராவது அப்படி இருந்தால் அவரைத் தனியாக விடாமல், கூடவே உட்கார்ந்து நீங்களே நம்பரைப் போட்டுக் கொடுங்கள்.

பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பும் அங்குள்ள ரயில்வேயும் சேர்ந்து 2017-ல் ஒரு பிரசாரம் தொடங்கின. நடைமேடையில் நெடுநேரமாகத் தனியாக, வருகிற வண்டி எதிலும் ஏறாமல் ஒருவர் நின்றால், போய் ஏதாவது சாதாரணமாகப் பேசுங்கள். வானிலை பற்றிப் பேசினாலும் போதும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நினைப்பு அறுபடும் என்பதுதான் அவர்கள் பயணிகளுக்குச் சொன்னது. பேசினால் விபரீதத்தைத் தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு வானிலை. நமக்கு அதுகூட வேண்டாம். கடைசி லோக்கல் போன பிறகும் பெஞ்சில் ஒரு பெண் பையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், நடைமேடையின் கடைக்கோடியில் ஒரு பையன் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் போய், "எந்த வண்டிக்கும்மா உட்கார்ந்திருக்கே?" "எந்த வண்டிக்குப்பா நிக்கிறே?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நகர்ந்துவிடாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். உங்கள் வண்டி போனால் போகட்டும், அரக்கோணத்தில் அடுத்த வண்டிக்கா பஞ்சம்.