பஞ்சம் எழுப்பிய வினா: அமர்த்தியா சென்னின் கல்விப் பயணம்

(புலம்பெயர்ந்து வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட கல்வி ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போது நம் இல்லங்களில் ஓர் உரையாடல் தவறாமல் நிகழ்கின்றது. மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா என்பதே பெரும்பாலும் அவ்வுரையாடலின் எல்லை. அவ்வேளையில் மகளோ மகனோ மெய்யியல் படிக்க விரும்புவதாகச் சொன்னால் வீட்டில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகின்றது. "அதைப் படித்து என்ன வேலை செய்வாய்?" என்ற கேள்வி அடுத்து வருகின்றது. அக்கேள்வியில் குற்றம் காண இயலாது. வெறுங்கையுடன் அந்நிய மண்ணில் வந்திறங்கி, இரவு பகலாக உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்களின் அச்சம் அது. ஆயினும் அக்கேள்விக்கு மதிப்பான ஒரு விடை உண்டு. அறவியலையும் அரசியல் மெய்யியலையும் பொருளியலையும் ஒன்றாகக் கற்று, அதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட பேராசிரியர் அமர்த்தியா சென் அவர்களின் வாழ்க்கையில் அவ்விடையைக் காணலாம்.

இரண்டு சிறுவயது நினைவுகள்

அமர்த்தியா சென் 1933 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் வங்காளத்தின் சாந்திநிகேதனில் பிறந்தார். அவருக்குப் பெயர் சூட்டியவர் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர். தந்தையார் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். தாய்வழிப் பாட்டனார் க்ஷிதிமோகன் சென் சமஸ்கிருத அறிஞர்.

1943 இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. எலும்பும் தோலுமான மக்கள் கல்கத்தாவை நோக்கிச் செல்லும் வழியில் சாந்திநிகேதனைக் கடந்து சென்றனர். உணவு கேட்டு வருவோருக்கு ஒரு சிகரெட் தகரப்பேணி நிறைய அரிசி வழங்கப் பாட்டனார் அச்சிறுவனுக்கு அனுமதி அளித்தார். ஒரு குடும்பத்திற்கு ஒரு பேணி மட்டுமே. ஆனால் அச்சிறுவனின் பள்ளித் தோழர்களின் வீடுகளில் எவரும் பட்டினி கிடக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், சிலர் மட்டும் ஏன் மடிகின்றனர் என்ற வினா அவர் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு டாக்காவில் மற்றொரு நிகழ்வு. இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டிருந்த வேளை, காதர் மியா என்னும் முஸ்லிம் கூலித் தொழிலாளி கத்திக்குத்துக் காயங்களுடன் சென் குடும்பத்தினரின் வீட்டு வாயிலுக்குள் வந்து விழுந்தார். கலவரப் பகுதிக்குப் போக வேண்டாம் என்று மனைவி தடுத்திருந்தார். எனினும் வீட்டில் உண்ண ஏதுமில்லாத நிலையில், சிறு கூலிக்காக அவர் வேலைக்குச் சென்றார். சென்னின் தந்தையார் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் உயிர் பிழைக்கவில்லை. வறுமை என்பது பணமின்மை மட்டுமன்று, ஆபத்தைத் தவிர்க்கும் சுதந்திரமும் இல்லாமற் போவதே என்ற எண்ணத்தின் வித்து அன்று விழுந்தது.

கணிதமும் அறமும் சந்தித்த இடம்

பள்ளிப் பருவத்தில் அவருடைய நாட்டம் சமஸ்கிருதம், கணிதம், இயற்பியல் என மாறி மாறிச் சென்றது. இறுதியில் 1951 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பொருளியல் மாணவரானார். அங்கு அவருடைய தோழர் சுகமய் சக்ரவர்த்தி, அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் அரோ அவ்வாண்டில் வெளியிட்டிருந்த சமூகத் தெரிவு பற்றிய நூலை அவருக்கு அறிமுகம் செய்தார்.

அந்நூல் எடுத்துக்கொண்ட சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தமிழ்ச் சங்கத்தில் பணம் சேர்ந்துள்ளது. நூலகம், விளையாட்டுத் திடல், முதியோர் மண்டபம் ஆகிய மூன்றில் ஒன்றையே அமைக்க முடியும். முதலாமவர் நூலகம், திடல், மண்டபம் என்ற வரிசையில் விரும்புகிறார். இரண்டாமவர் திடல், மண்டபம், நூலகம் என்கிறார். மூன்றாமவர் மண்டபம், நூலகம், திடல் என்கிறார். இரண்டிரண்டாக வாக்கெடுத்தால் நூலகம் திடலை வெல்லும், திடல் மண்டபத்தை வெல்லும், மண்டபமோ நூலகத்தை வெல்லும். முடிவில்லாத சுழற்சி. நியாயமானவையெனத் தோன்றும் சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் தெரிவு முறை எதுவும் இருக்க முடியாது என்பதை அரோ கணித வழியில் நிறுவினார். அப்படியானால் நீதியான பொது முடிவு என்பதே இயலாத ஒன்றா? இளைஞர் சென் இக்கேள்வியைப் பற்றிக்கொண்டார்.

1952 இல் அவருக்கு வாய்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. கடுமையான கதிர்ச் சிகிச்சைக்குப் பின் மீண்டு, 1953 இல் கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். அங்கே சமூகத் தெரிவில் ஆசிரியர்களுக்கு ஆர்வம் ஏற்படுத்த அவரால் இயலவில்லை. ஆகவே வளர்முக நாடுகள் எத்தகைய தொழில்நுட்பத்தைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது பற்றித் தம் ஆய்வேட்டை எழுதினார். 23 வயதை எட்டுமுன்பே யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் புதிய பொருளியல் துறைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். இத்தனை இளையவருக்கு இப்பதவியா என்று எதிர்ப்பும் எழுந்தது.

பின்னர் திரினிட்டி கல்லூரி அவருக்கு நான்காண்டு ஆய்வுப் பரிசு ஒன்றை வழங்கியது. விரும்பியதைச் செய்யலாம் என்ற சுதந்திரம் அதில் இருந்தது. அந்த ஆண்டுகளை அவர் மெய்யியல் கற்பதற்குப் பயன்படுத்தினார். பொருளியலில் முன்னேறும் வாய்ப்புகள் காத்திருந்த வேளையில் இது வீண்சுற்று என்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி இந்த ஆண்டுகள் இல்லாமல் உருவாகியிருக்க முடியாது.

1963 முதல் 1971 வரை டெல்லி பொருளியல் கல்லூரியில் கற்பித்தார். இடையில் 1968-69 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில், கென்னத் அரோ, மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் ஆகியோருடன் இணைந்து நீதி பற்றிய வகுப்பொன்றை நடத்தினார். 1970 இல் சமூகத் தெரிவும் சமூக நலனும் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதில் ஓர் அத்தியாயம் சாதாரண உரைநடையில் வாதிடும், அடுத்தது உடுக்குறியிட்டு அதே பொருளைக் கணித நிறுவல்களாகத் தரும். அறவியலையும் கணிதத்தையும் இரு கைகளாகக் கொண்டவரின் நூல் அது. மனிதரின் விருப்ப வரிசையை மட்டும் பார்த்தால் சிக்கல் தீராது. யார் எந்த நிலையில் வாழ்கிறார், யாருடைய துன்பம் பெரிது என்ற செய்திகளையும் சேர்த்து நோக்கினால் வழி திறக்கும். இதுவே அவர் கண்ட விடையின் சாரம்.

பஞ்சத்தின் கணக்கு

இலண்டன் பொருளியல் கல்லூரியிலும், பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய காலத்தில் அவர் சிறுவயது வினாவிற்குத் திரும்பினார். 1981 இல் வறுமையும் பஞ்சங்களும் என்ற நூல் வெளியாயிற்று.

உணவு குறைந்ததால் மக்கள் மடிந்தனர் என்பதே அதுவரை பெரும்பாலோரின் எண்ணம். சென் பழைய புள்ளிவிவரங்களைத் தேடியெடுத்துக் கணக்கிட்டார். 1943 இல் வங்காளத்தில் கிடைத்த உணவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியை விட ஏறத்தாழ 5 வீதமே குறைவு. பஞ்சமில்லாத 1941 ஆம் ஆண்டைவிட 13 வீதம் அதிகம். பின்னர் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் ஏன் மடிந்தனர்? உலகப் போர்ச் செலவுகளால் கல்கத்தாவில் பணம் பெருகி அரிசி விலை பலமடங்கு உயர்ந்தது. நகர மக்களுக்கு மலிவு விலைப் பங்கீடு கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் வருமானமோ உயரவில்லை. உணவு இருந்தது, ஆனால் அதைப் பெறும் உரித்து அவர்களிடம் இல்லை.

இந்தக் கணக்குகளை மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. எனினும் பஞ்சத்தைத் தடுக்கும் முறையை இவ்வாய்வு மாற்றியது. உணவை அனுப்புவதோடு, வேலையும் கூலியும் அளித்து மக்களின் வாங்கும் ஆற்றலைக் காக்க வேண்டும் என்பது வலுப்பெற்றது.

மற்றொரு முடிவும் இதிலிருந்து வளர்ந்தது. 1943 ஆகஸ்டில் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் பட்டினிக் கொடுமையின் படங்களை வெளியிட்டு, காலனி அரசின் மௌனத்தைக் கலைத்தார். தேர்தல்களும் சுதந்திரமான பத்திரிகைகளும் செயற்படும் மக்களாட்சி நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று சென் எடுத்துரைத்தார். 1958 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தபோது, அதைக் கேள்வி கேட்க அங்கே எதிர்க்கட்சியும் இல்லை, சுதந்திரப் பத்திரிகையும் இல்லை.

எதில் சமத்துவம்?

1979 இல் ஆற்றிய ஒரு விரிவுரையில் அவர் ஓர் எளிய வினாவை எழுப்பினார். சமத்துவம் வேண்டும் என்கிறோம், எதில் சமத்துவம்? நோன்பிருப்பவரும் உணவில்லாதவரும் உண்ணாத அளவு ஒன்றாக இருக்கலாம். முன்னவருக்கு உண்ணும் தெரிவு இருக்கிறது, பின்னவருக்கு இல்லை. ஆகவே கையில் உள்ள பொருளையோ மனநிறைவையோ மட்டும் அளக்காமல், ஒருவர் எதைச் செய்யவும் எவ்வாறு வாழவும் இயலும் என்பதை அளக்க வேண்டும். இதையே இயலுமை என்றார். குறைந்த வருமானத்திலும் நீண்ட ஆயுளையும் எழுத்தறிவையும் எட்டிய கேரளத்தையும் இலங்கையையும் அவர் அடிக்கடி எடுத்துக்காட்டினார். ஜோன் திரேசுடன் இணைந்து 2013 இல் எழுதிய நூலில், பள்ளி மதிய உணவு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றிற்காகத் தமிழ்நாட்டையும் பாராட்டினார்.

கேம்பிரிட்ஜ் நண்பரான பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் வாயிலாக மனித அபிவிருத்திச் சுட்டியை வெளியிட்டார். ஒரே எண்ணில் மனித வாழ்வை அடக்குவதில் முதலில் தயங்கிய சென், பின்னர் அதன் உருவாக்கத்திற்கு உதவினார். இன்றும் நாடுகள் ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றாலும் ஒப்பிடப்படுவது இச்சுட்டியால்தான். அதே ஆண்டில், ஆசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பெண்கள் மக்கட்தொகையில் காணாமற் போயுள்ளனர் என்று எழுதி, பெண்களுக்கு இழைக்கப்படும் புறக்கணிப்பை உலகின் கண்முன் நிறுத்தினார்.

1998 இல் பொருளியலுக்கான நோபல் பரிசும், 1999 இல் பாரத ரத்னாவும் கிடைத்தன. பரிசுப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் எழுத்தறிவு, நலவாழ்வு, பெண்கள் சமத்துவம் ஆகியவற்றிற்காகப் பிரதீச்சி அறக்கட்டளையை நிறுவினார். 2006 இல் எழுதிய நூலில், ஒருவரை ஒரே அடையாளத்திற்குள் அடைப்பதே வன்முறைக்கு வழி திறக்கிறது என்றார். காதர் மியாவைக் கொன்றவர்கள் அவரை ஒரு கூலித் தொழிலாளியாகவோ தந்தையாகவோ காணவில்லை, முஸ்லிமாக மட்டுமே கண்டனர். பல்லாண்டுகள் வெளிநாடுகளில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையைக் கைவிடாத ஒருவரின் கருத்து இது. இரு மண்ணுக்கு இடையே வளரும் நம் இளையோர் சிந்திக்கத் தக்கது.

பெற்றோருக்கும் இளையோருக்கும்

மெய்யியல் படிக்கும் அனைவரும் அமர்த்தியா சென் ஆகிவிடுவர் என்று கூறுவது நேர்மையாகாது. அவருக்குக் கற்றோர் நிறைந்த குடும்பம் வாய்த்தது. பேராசிரியர் பதவிகள் சில, போட்டியாளர் பலர். ஆனால் அவர் சென்ற முறையில் பாடம் உண்டு. அவர் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. கணிதத்தையும் புள்ளிவிவரத்தையும் ஐயமறக் கற்றார். வாய்ப்புக் கிடைக்காத இடத்தில் வேறொரு தலைப்பில் ஆய்வை முடித்துவிட்டுத் தம் வினாவிற்குத் திரும்பினார். இளையோர் இதை மனங்கொள்ள வேண்டும்.

பெற்றோர் மனங்கொள்ள வேண்டியது வேறொன்று. போரையும் இடப்பெயர்வையும் கண்ட, அல்லது அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் இல்லங்களில் இருக்கின்றனர். நீதி எது, உரிமை எது, ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவர்கள் கேட்கின்றனர். ஒன்பது வயதில் தகரப்பேணியுடன் நின்ற சிறுவனின் வினாவும் அத்தகையதே. அவ்வினாவை எவரும் வாயடைக்கவில்லை. அதனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் ஒரு விடை பிறந்தது.

அடுத்த முறை பிள்ளை அத்தகைய படிப்பொன்றின் பெயரைச் சொல்லும்போது, "என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன், "எந்த வினாவிற்கு விடை தேடுகிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். வேலை பற்றிய கேள்வியை அதன் பின்பும் கேட்கலாம்.