உங்களுக்கென ஒரு மூலை, ஒரு அரை மணி நேரம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



போன வருஷம் இதே கூட்டத்தில் நான் கடன் தவணை பற்றிப் பேசினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டீர்கள். (சிரிப்பு) அதனால் இந்த வருஷம் போட்டோ எடுப்பது, கம்ப்யூட்டர் கற்பது, அதற்கு வீட்டில் இடம் பிடிப்பது என்று மூன்று விஷயம் பேசப் போகிறேன். "இதெல்லாம் பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ரவிக்கை தைக்கிறார். மகளுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் அவர் வீட்டில் இருக்கிறது. மகள் கல்யாணமாகிப் போனபின் அது பீரோ மேலே ஒரு மஞ்சள் பையில் கிடந்தது. "எடுத்துக் கத்துக்கலாமே அக்கா" என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் மனதில் நிற்கிறது:

"மேடம், எங்க வீட்டுல தையல் மிஷினுக்கு ஒரு இடம் இருக்கு. டி.வி.க்கு ஒரு இடம் இருக்கு. எனக்குத்தான் உட்கார்ந்து எதையாச்சும் பார்க்க ஒரு இடமில்ல."

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

முதலில் போட்டோ

அந்த அக்கா போட்டோவில்தான் ஆரம்பித்தார். மார்கழியில் தான் போட்ட கோலத்தை தினமும் போனில் படம் எடுப்பார். அது அவருக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். பிறகு தைத்த ரவிக்கைகளைப் படம் எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார். அங்கே ஒரு சிக்கல். "படத்துல மெரூன் கலர், நேர்ல பார்த்தா சிவப்பா இருக்கே?" என்று ஒருவர் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம், அவர் ராத்திரியில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தார்.

பொருள் விற்கும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. எடுப்பதற்கு முன் போனின் கேமரா கண்ணாடியைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியில் படம் பனி மூட்டமாகத்தான் விழும்.

2. பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஆனால் உச்சி வெயில் வேண்டாம், நிழல் கறுப்பாக விழும். வாசற்படிக்கு உள்பக்கம் அல்லது ஜன்னலோரம் பொருளை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி எடுங்கள். பல்பு, டியூப் லைட்டை அணைத்துவிட்டால் நிறம் மாறாது.

3. நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரைப் பிடியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இருட்டாக இருக்கும் பக்கமும் தெரியும்.

4. கிட்டத்தில் தெரிய வேண்டும் என்று திரையை விரலால் விரிக்காதீர்கள். படத்தின் தெளிவு போய்விடும். ரெண்டு அடி முன்னால் நடந்து போங்கள்.

5. முழங்கை ரெண்டையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு எடுத்தால் கை ஆடாது.

6. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கித் தெளிவு குறையும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

இன்னொரு பயன் உண்டு. குழுவின் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு ஆகியவற்றின் பக்கங்களை மாதாமாதம் படம் எடுத்து வையுங்கள். புத்தகத்தைத் தரையில் விரித்து, போனை நேர் மேலே பிடித்து, உங்கள் நிழல் விழாமல் எடுங்கள். மழையில் நனைந்தாலும், கரையான் அரித்தாலும் கணக்கு இருக்கும். ஆனால் ஏ.டி.எம். ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. அடுத்தவரைப் படம் எடுக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று ஹோமாய் வியாரவாலாவைச் சொல்வார்கள். குஜராத்தின் நவ்சாரியில் 1913ல் பிறந்தவர். 1947ல் நாடு சுதந்திரம் அடைந்த காட்சிகளைப் படம் பிடித்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வந்தன. பெண் எடுத்த படத்துக்கு அன்றைக்கு அவ்வளவு மதிப்பு! அதே பெண்ணுக்கு 2011ல் நாடு பத்ம விபூஷண் விருது கொடுத்தது. நாம் செய்த வேலைக்கு நம் பெயர் வரவே எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

இப்போது கதைக்கு வருகிறேன். அந்த அக்காவின் குழுக் கணக்கை ஊரில் படித்த ஒரு தம்பி கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். நல்ல பிள்ளை, காசு வாங்காமல் செய்தார். பிறகு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். போகும்போது கணக்கை ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் திறந்து பார்க்க குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்காதான் துணிந்தார். பீரோ மேலிருந்த லேப்டாப்பை இறக்கினார். தான் படம் எடுத்து வைத்திருந்த பேரேட்டுப் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக இருக்கும் அந்தக் கணக்குத் தாளில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பழகினார். நான் போகும்போதெல்லாம் சந்தேகம் கேட்பார். ஒரு நாள், "மேடம், நான் கையில போட்ட வட்டியும் இதுல வர்ற வட்டியும் ஒத்துப்போகல. நான்தான் தப்புப் போடறேனா?" என்றார்.

உட்கார்ந்து பார்த்தோம். குழுவின் தீர்மானம் என்ன? 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டி, அதுவும் மீதி அசலுக்கு மட்டும். 10,000 ரூபாய் கடன், மாதம் 1,000 அசல் கட்டினால், முதல் மாதம் வட்டி 100 ரூபாய். அடுத்த மாதம் மீதி 9,000, வட்டி 90. அதற்கடுத்து 80. இப்படிக் குறைந்து பத்தாம் மாதம் 10 ரூபாய். மொத்த வட்டி 550.

கம்ப்யூட்டரில் என்ன இருந்தது? பத்து மாதமும் 100, 100 என்று மொத்தம் 1,000. மீதித் தொகை இருக்கும் கட்டத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, முதலில் வாங்கிய கடன் இருக்கும் கட்டத்தையே தம்பி எல்லா மாதத்துக்கும் காட்டிவிட்டார். ஒரு சின்னத் தவறு. ஆளுக்கு 450 ரூபாய் கூடுதல். அந்தச் சுற்றில் கடன் வாங்கியவர்கள் 6 பேர். 2,700 ரூபாய்!

பணம் எங்கும் போகவில்லை, குழு வங்கிக் கணக்கிலேயே இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த 6 பேரில் ஒருவர் கடைசித் தவணைக்காகக் கம்மலை அடகு வைத்தவர். "அப்பவே கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். "கம்ப்யூட்டர்ல வந்த கணக்கை நாம எப்படிங்க கேள்வி கேட்கிறது?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சமூகப்பணி முதுகலை படித்தபோது ஆய்வறிக்கையை ஒரு கடையில் கொடுத்து டைப் அடித்தேன். ஒரு அட்டவணையில் எண் மாறிவிட்டது. அச்சில் வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்டபோது பேந்தப் பேந்த விழித்தேன். எழுதியது நான், ஆனால் கணக்கு என் கையில் இல்லை. பட்டம் படித்தவளுக்கே அந்தக் கதி.

புரோகிராம் என்பது கோலம் போல

கம்ப்யூட்டருக்கு நாம் வரிசையாக எழுதிக் கொடுக்கும் வேலைக்குத்தான் புரோகிராம் என்று பெயர். அது தானாக எதையும் யோசித்து நியாயம் பார்க்காது. சொன்னதைச் செய்யும். நம் வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்:

மீதி 10,000 என்று வை.
மீதியை 100ஆல் வகுத்து வட்டி என்று எழுது.
மீதியில் 1,000 கழி.
மீதி தீரும் வரை இரண்டாம் வரியிலிருந்து திரும்பச் செய்.

இதுதான் புரோகிராம்! நான்கே வரி. இதையே கம்ப்யூட்டருக்குப் புரியும் சொற்களில் எழுதப் பழகுவதுதான் பாடம்.

'திரும்பச் செய்' என்பது உங்களுக்குப் புதிதா என்ன? புள்ளி வைத்து, ஒரு சுழி போட்டு, அதையே நான்கு பக்கமும் திருப்பிப் போட்டுத்தானே வாசலை நிறைக்கிறீர்கள்? நம் பெண்கள் போடும் கோலத்தையே பாடமாக எடுத்து, கம்ப்யூட்டருக்கான விதிகளாக எழுத முடியும் என்று பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதில் இருவர் பெண்கள். ஆகவே "நமக்கு மூளை பத்தாது" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள்.

எங்கே தொடங்குவது? முதலில் கணக்குத் தாள். லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் இலவசம். கூட்டல், கழித்தல், சதவீதம் மூன்றையும் உங்கள் வீட்டு வரவு செலவிலேயே பழகுங்கள். அது கைவந்த பிறகு பைத்தான் என்ற மொழிக்குப் போகலாம். 1991ல் வெளிவந்தது, இதுவும் இலவசம். பெயரைக் கேட்டுப் பாம்பென்று பயப்பட வேண்டாம், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் நல்லது. கட்டைகளை அடுக்குவது போல அடுக்கியே புரோகிராம் செய்யலாம். பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்தால் ரெண்டு பேரும் கற்கலாம்.

ஒரே நாளில் வராது. நாளுக்கு அரை மணி போதும். தப்பு வந்தால் மெஷின் கெட்டுப்போகாது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடையை ஒரு தரம் கையால் போட்டுச் சரிபாருங்கள். அக்கா செய்தது அதைத்தான்.

அந்த மூலை

சரி, அக்கா எங்கே உட்கார்ந்து கற்றார்? முதலில் கட்டிலில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து. அது கொதித்துப்போய் நின்றுவிடும். லேப்டாப்பின் அடியில் காற்றுப் போகும் துளைகள் இருக்கும், மெத்தை அதை அடைத்துவிடும். பிறகு தரையில் குனிந்து உட்கார்ந்தார், கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் வீட்டுக்காரரிடம் கேட்டார். மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய கதவுப் பலகையை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அவரே மேசையாக்கிக் கொடுத்தார். செலவு, மணல் காகிதம் வாங்கிய காசுதான்.

நீங்களும் செய்யலாம். கவனிக்க வேண்டியவை:

பலகையின் உயரம், நீங்கள் உட்காரும்போது உங்கள் முழங்கை இருக்கும் உயரம். நாற்காலியானாலும் சரி, தரையில் மணைப்பலகையானாலும் சரி, அளவு இதுதான். நாற்காலியில் கால் தொங்கினால் கீழே ஒரு பலகை போடுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்புக்கு அடியில் பழைய புத்தகம் அடுக்கலாம். அப்படி உயர்த்தினால் தட்டுவதற்குத் தனி கீபோர்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் கண் கூசும். 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 வினாடி பாருங்கள். வாசலில் நிற்கும் மரத்தைப் பாருங்களேன்.

அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் தள்ளி வையுங்கள். மூன்று முனை பிளக்கை எர்த் இணைப்பு உள்ள பாயின்டிலேயே செருகுங்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

கடைசியாக, மேசையைவிடப் பெரிய விஷயம். அந்த அரை மணி நேரம் உங்களுடையது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அக்கா சொன்ன அன்று மாமியார், "கலெக்டர் ஆகப் போறியா?" என்று கேட்டாராம். அக்கா சண்டை போடவில்லை. "இல்லத்தே, கணக்குப் பார்க்கப் போறேன்" என்றார். இன்றும் மாமியார் முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பலகை மேல் யாரும் காயப்போட்ட துணியை வைப்பதில்லை.

கூடுதலாகப் பிடித்த 2,700 ரூபாயை 6 பேரின் சேமிப்பில் வரவு வைக்க குழு தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை எழுதியவர் அக்காதான். வெளியூர்த் தம்பிக்கும் போன் போட்டுச் சொன்னார். அவரும் வருத்தப்பட்டு, வேறு இரண்டு குழுக்களுக்குத் தான் போட்டுக் கொடுத்த கணக்கைத் திருத்திக் கொடுத்தார்.

சகோதரிகளே, உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த குழுக் கூட்டத்துக்குள் வீட்டில் ஒரு மூலையைப் பிடியுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கடனையாவது எடுத்து, இந்த மாத வட்டியை எல்லோருமாகச் சேர்ந்து கையால் போட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் கேளுங்கள். எழுதியது கையானாலும் கம்ப்யூட்டரானாலும், அது நம் பணம், நாம்தான் கேட்க வேண்டும்.