தாய் மீனுக்குப் போடும் ஊசி



ஹைதராபாத் பக்கம் சைனிக்புரி இருக்கிறது. அங்கே மீன் கடைகளில் ரோகு, கட்லா விற்பார்கள். ரோகுவைத் தெலுங்கர்கள் சீலாவதி என்பார்கள். பல மீன்கள் ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குளங்களிலிருந்து வருகின்றன. வாங்க வருபவர்களில் சிலர் தயங்குவார்கள். “இது ஊசி போட்ட மீனாமே?” என்பார்கள். ஊசி உண்மைதான். ஆனால் யாருக்கு?

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புது வெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். குளத்தில் நன்றாக வளரும். சினையும் பிடிக்கும். ஆனால் முட்டையிடாது. குளத்தில் ஏது வெள்ளம்?

அதனால் முன்பு வெள்ளத்தில் வலை கட்டிக் குஞ்சு பிடித்தார்கள். குஞ்சுகள் நூல் துண்டு போல இருக்கும். ரோகு எது, வாளை எது என்று தெரியாது. காசு கொடுத்து வாங்கிக் குளத்தில் விடுவார்கள். சில மாதம் போனால்தான் தெரியும். அதற்குள் வாளை மற்றவற்றைத் தின்றிருக்கும். போட்ட பணம் போனதுதான்.

மீனின் மூளைக்கு அடியில் ஒரு சிறு சுரப்பி உண்டு. பெயர் பிட்யூட்டரி. இதில் ஊறும் ஹார்மோன்தான் முட்டையிடத் தூண்டுகிறது. குளத்து மீனில் அது தேவையான அளவு வெளிவருவதில்லை. அப்படியானால் வேறு மீனின் சுரப்பியை எடுத்து ஊசியாகப் போட்டால்? 1930களில் பிரேசில் நாட்டில் இதைச் செய்து பார்த்தார்கள். நம் நாட்டில் ஹிராலால் சௌத்ரி என்ற அறிஞர் பெருங்கெண்டைகளில் செய்து காட்டினார். உடன் இருந்தவர் அலிகுன்ஹி. இடம் ஒடிசாவின் அங்குல். நாள் 1957 ஜூலை 10. அந்த நாளையே இன்று மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

வெட்டிய மீன் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். பிறகு அரைத்து, தெளிந்த நீரை ஊசியில் ஏற்றுவார்கள். பெண் மீனுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. ஆணுக்கு ஒன்று. பிறகு இரண்டையும் தண்ணீரில் கட்டிய துணித் தொட்டியில் விடுவார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் முட்டை வந்துவிடும். முக்கால் நாளுக்குள் குஞ்சு பொரிக்கும். ஒரு கிலோ ரோகு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை இடும்!

இப்போது தலை தேடி அலைய வேண்டாம். ஓவாப்ரிம் போன்ற மருந்து புட்டியில் கிடைக்கிறது. ஒரே ஊசி போதும். பெண் மீனின் ஒரு கிலோ எடைக்கு அரை மில்லி வரை போடுவார்கள். ஆனால் சினை முற்றாத மீனுக்கு எந்த ஊசியும் பலிக்காது. வயிறு மெத்தென்று இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். சில பண்ணைகளில் ஒரே குடும்பத்து மீன்களையே வருடா வருடம் சேர்க்கிறார்கள். இது தவறு. குஞ்சுகள் நோஞ்சானாகிவிடும். குஞ்சு வாங்குபவர் இதை விசாரிப்பது நல்லது.

ஆக, சைனிக்புரிக் கடையில் கிடக்கும் மீனுக்கு முட்டைக்காக யாரும் ஊசி போடவில்லை. போட்டது அதன் தாய்க்கும் தகப்பனுக்கும். அந்தத் தாய் மீன் அடுத்த மழைக்காலத்துக்காகப் பண்ணைக் குளத்தில் இரை தின்றுகொண்டிருக்கும்.