பிட் ஸ்திரீட்டில் இருந்த கடைகள்

(நமது அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)





பிட் ஸ்திரீட்டின் பழைய கடைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தத் தெருவுக்கு இப்போது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். பலகை மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழங்கதை பேசிவிட்டுப் போக மட்டும் நான் வரவில்லை. நம் அறக்கட்டளையின் இரண்டு கடைவீடுகள் இந்த வருடம் காலியாகின்றன. யாருக்கு விடுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் என்ன இருந்தது, எப்படிப் போனது என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன்.

பள்ளிவாசலில் இருந்து சூலியா ஸ்திரீட் முனைக்கு நடந்தால், கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் பணம் மாற்றுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, அவ்வளவுதான் கடை. இந்திய ரூபாய், சயாம் காசு, இந்தோனேசியப் பணம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அடுத்து நகைக்கடைகள். கைலி மொத்த வியாபாரம் செய்தவர்கள். மலாய்க்காரர்கள் ‘காயின் பலிக்காட்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரே நம் பழவேற்காட்டில் இருந்து வந்ததுதான். கிதாபுக் கடையில் அரபுத்தமிழ் நூல்களும் மௌலூது கிதாபுகளும் கிடைக்கும். சொங்கோக் தைப்பவர் வாடிக்கையாளரின் தலையை நூலால் அளப்பார். அளந்த நூலில் முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். அடுத்த வருடம் பெருநாளுக்குப் போனாலும் உங்கள் நூல் அங்கேயே இருக்கும்.

சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் நாகூர் தர்கா. அதன் சுவரோடு ஒட்டிய சின்னச் சின்னக் கடைகளை நீங்கள் இன்றும் பார்க்கலாம்.

கப்பல் வரும் நாளில் தெருவே வேறு மாதிரி இருக்கும். ‘ரஜூலா’வும், பிறகு ‘சிதம்பர’மும் சென்னையில் இருந்தும் நாகப்பட்டினத்தில் இருந்தும் வரும். இரும்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கும் ஆளுக்கு இந்த ஊரில் தெரிந்தது ஒரே ஒரு விலாசம்: ஊர்க்காரர் ஒருவரின் கடை. நேராக அங்கேதான் வருவார். அன்று இரவு படுக்க இடமும் மறுநாள் வேலையும் அந்தக் கடையில்தான் பேசி முடிவாகும்.

எங்கள் வாப்பாவின் கடை பலசரக்குக் கடை. ஆனால் அதில் நடந்தது பலசரக்கு வியாபாரம் மட்டும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தொங்கானில் வேலை செய்தவர்கள், நாசி கண்டார் காவடி தூக்கி விற்றவர்கள், இவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. சம்பளத்தில் செலவு போக மீதியை வாப்பாவிடம் கொடுத்து வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பேரேட்டில் இருக்கும். ஊரில் இருந்து வரும் கடிதங்கள் கடை விலாசத்துக்கே வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவதும், மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பதும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு என் வேலை. மகள் பிறந்த செய்தியையும் தாய் மௌத்தான செய்தியையும் பன்னிரண்டு வயதில் பிறருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஆதரவில்லாமல் இறந்துபோனால் நான்கு கடைக்காரர்கள் கூடிப் பேசுவார்கள். அஸருக்குள் ஜனாஸாச் செலவு சேர்ந்துவிடும். ரசீதும் இல்லை, கூட்டக் குறிப்பும் இல்லை. இன்று நம் அறக்கட்டளை செய்கிற வேலையில் பாதியை அந்தக் கடைகள்தான் செய்துகொண்டிருந்தன.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கடைப்பையன்கள் இரவில் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தார்கள். ஐந்தாறு வருடம் மனைவி மக்கள் முகம் பார்க்காதவர்கள் உண்டு. பேரேட்டில் எழுதியதே கணக்கு என்பதால், முதலாளி நல்லவராக இல்லாவிட்டால் கேட்க நாதி இல்லை. வீட்டுப் பெண்கள் மல்லி, சீரகம் வறுத்து, இடித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கடைப் பலகையிலும் வந்ததில்லை.

இந்தக் கடைகள் எப்படிப் போயின? சூப்பர் மார்க்கெட் வந்தது, பிள்ளைகள் படித்து டாக்டர், வக்கீல் ஆகிவிட்டார்கள் என்று சொல்வோம். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது. 1969-ல் பினாங்குத் தீவின் சுங்கவரியற்ற துறைமுக உரிமை போனது. சரக்கு வேலை கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. 1985-ல் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. பெட்டி தூக்கி வருகிற ஆளும் இல்லை.

அதற்குப் பிறகும் பல கடைகள் தாக்குப் பிடித்ததற்கு ஒரு சட்டம் காரணம். 1966-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. எங்கள் கடைக்கு நாங்கள் கொடுத்த வாடகையை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூடக் கட்டட உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. சுவர் ஈரம் பிடித்து, மரம் செல்லரித்து, கட்டடங்கள் பாழானதை நாம் கண்ணால் பார்த்தோம்.

அந்தச் சட்டம் 1997-ல் ரத்தானது. 1999 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தார்கள். 2000 ஜனவரி பிறந்ததும் புது வாடகைக் கடிதங்கள் வந்தன. இரண்டு தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வாய்ச்சொல்லில் வந்த வாடகைதாரர்கள். தந்தை பெயரில் இருந்த ரசீதை மகன் பெயருக்கு மாற்றாமலே விட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களின் பெயரில் கடை நடந்துகொண்டிருந்தது. பேசிப் பார்க்கக்கூட அவர்களுக்குப் பிடிமானம் இல்லை.

2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சந்தோஷம்தான், கட்டடங்கள் பிழைத்தன. வர்ணம் அடித்து, சன்னல் கதவுகளைப் பழையபடி செய்து அழகாக வைத்திருக்கிறார்கள். உள்ளே தங்கும் விடுதி, காப்பிக் கடை. சொங்கோக் தைத்தவர் எங்கே என்று கேட்டால் சுவரில் படம் மாட்டியிருப்பதைக் காட்டுவார்கள்.

இனி நம் கடைவீடுகளுக்கு வருகிறேன். 1801-ல் காதர் முகைதீன் காலத்தில் பள்ளிவாசலுக்குக் கும்பெனி கொடுத்த நிலம் ஏறக்குறைய 18 ஏக்கர். இன்று பள்ளிவாசலைச் சுற்றி இருக்கும் இடத்தைப் பாருங்கள், எவ்வளவு சுருங்கிவிட்டது என்று புரியும். வக்பு நிலம் என்பதற்காக மட்டும் எந்த நிலமும் தானாக நிலைத்து நிற்பதில்லை. யாரிடம், எத்தனை வருடத்துக்கு, என்ன நிபந்தனையில் கொடுத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் இரண்டு வீடுகளுக்கும் நல்ல வாடகை தர ஆள் வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பு உதவியும் விதவைகளின் மாதப்படியும் நடக்கின்றன. என் யோசனை இதுதான்: ஒன்றைச் சந்தை வாடகைக்கு விடுங்கள். மற்றதைக் கட்டுப்படியாகும் வாடகையில் தொழில் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். தையல், மசாலா, கிதாபு, எதுவானாலும் சரி. பெண்கள் சேர்ந்து நடத்த முன்வந்தால் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள். சலுகை வாடகையால் குறையும் தொகை எவ்வளவு என்று வருடக் கணக்கில் தனியாகக் காட்டுங்கள், யாரும் பிறகு கேள்வி கேட்காமல் இருக்கும். ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம் என்று எழுதுங்கள். கூரைப் பழுது யார் செலவு என்பதையும் எழுதுங்கள். ஒப்பந்தம் இருவர் கையிலும் இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பேரேடு, ரசீதுக் கட்டு, கடைப் பலகை, கடை முன்னால் எடுத்த படம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துவிட்டு அசலை உங்களிடமே திருப்பித் தருவோம். வாப்பாவின் பேரேடுகள் மூன்றை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பக்கத்தில் ஒருவருக்குச் சேர வேண்டிய 42 வெள்ளி தீர்க்கப்படாமல் நிற்கிறது. பெயரும் ஊரும் இருக்கின்றன. அவருடைய வாரிசுகள் இருக்கிறார்களா என்று ஊரில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.