தலைவரின் குடும்பமும் நமது வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

தேர்தலில் நிற்பவரின் குடும்ப வாழ்க்கையை வாக்காளர் கவனிக்க வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். குடும்பம் நடத்தி, பிள்ளைகளை ஆளாக்கி, பேரன் பேத்தி கண்ட பெரியோர் முன்னிலையில், இன்னும் குடும்பப் பொறுப்பை ஏற்காத ஒரு மாணவன் இதைப் பேசுவது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஆயினும் வாக்குச் சீட்டு எனக்கும் உண்டு. அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று சிந்திக்கும் கடமையும் எனக்கு உண்டு. அந்த உரிமையில் பேசுகிறேன்.

"தன் வீட்டை ஆளத் தெரியாதவன் நாட்டை எப்படி ஆள்வான்?" என்று நம்மிடையே கேட்பது வழக்கம். கேட்டவுடனே சரியென்று தோன்றும் கேள்வி இது. வள்ளுவப் பெருந்தகையும், ஒருவரை ஆராய்ந்து பதவியில் அமர்த்துவது பற்றிச் சொல்லும் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திலே, குடிப்பிறப்பை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். சுற்றத்தார் இல்லாதவரை எளிதில் நம்பிவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். ஆகவே குடும்பத்தை நோக்குவது மூடத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில், ஒருவரது நிறையையும் குறையையும் சேர்த்து எடைபோட்டு, எது மிகுதியோ அதைக்கொண்டு முடிவு செய்யும்படியும் அவர் கூறுகிறார். எடை போட வேண்டுமானால் தராசில் எதை வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? கொழுந்து மடுவத்தில் நிற்கும் நமது தாய்மாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொழுந்தோடு கூடையையும் சேர்த்து நிறுத்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

நமது சப்ரகமுவ மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். உலகின் முதலாவது பெண் பிரதம மந்திரி என்று சரித்திரத்தில் இடம் பெற்ற திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா 1916ஆம் ஆண்டு இரத்தினபுரியில் பிறந்தவர். பலாங்கொடைப் பக்கத்து மகாவலதென்ன வளவிலே 1940இல் அவரது திருமணம் நடைபெற்றது. அவருடைய கணவர், பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, 1959 செப்டெம்பரில் சுடப்பட்டு உயிர் துறந்தார். அதுவரை அரசியல் மேடைகளில் முன்னிற்காத அந்த அம்மையார், மூன்று பிள்ளைகளின் தாயாக, விதவைக் கோலத்தில், அடுத்த ஆண்டு மேடை ஏறினார். மறைந்த கணவரின் குரலை ஒலிப்பதிவு நாடாவிலே கூட்டந்தோறும் ஒலிக்கச் செய்தார்கள். எதிர்த் தரப்பாரோ அவரை அழும் விதவை என்று ஏளனம் செய்தார்கள். எதிரே நின்ற தலைவர் டட்லி சேனநாயக்கா கடைசிவரை மணம் செய்துகொள்ளாத பிரமசாரி. 1960 ஜூலைத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 75 ஆசனங்களும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30 ஆசனங்களும் கிடைத்தன. அத்தேர்தலில் தாம் எத்தொகுதியிலும் போட்டியிடாத அம்மையார், பிரதம மந்திரியாகிச் செனட் சபை உறுப்பினரானார்.

அனுதாபத்துக்காகக் குடும்பத்தைக் காட்டியவர் ஒரு பக்கம். ஏளனத்துக்காக அதே குடும்பத்தைச் சுட்டியவர் மறுபக்கம். இந்த இரண்டு ஓசைகளுக்கும் நடுவே, "தோட்டத்திலே இருக்கும் பிரஜாவுரிமை இல்லாத மக்களை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்னும் கேள்வி எத்தனை மேடைகளில் எழுந்திருக்கும்? கேட்கவேண்டிய நம்மவரில் பெரும்பாலோருக்கு அன்று வாக்கே இல்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை முதலியோரைப் பாராளுமன்றம் அனுப்பிய நமது மக்கள், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் வாக்கற்றவராக்கப்பட்டனர்.

பின்னர் நடந்ததைப் பெரியோர் அறிவீர்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்பது. அந்த எச்சமும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பங்கு போடப்பட்டது.

சபையோரே, இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட இருவரின் குடும்ப வாழ்க்கையில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அம்மையார் கணவரின் நினைவைப் போற்றிப் பிள்ளைகளை வளர்த்த தாய். சாஸ்திரியாரோ எளிமைக்கும் நேர்மைக்கும் பெயர்போன இல்லறத்தார். இருவரும் தத்தம் வீட்டை நன்றாக ஆண்டவர்களே. அவ்விருவர் இட்ட கையெழுத்தால் எத்தனை வீடுகள் இரண்டாகப் பிளந்தன! அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மகள் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில். தாய் தோட்டத்து லயத்தில். தலைவரின் குடும்பம் நல்ல குடும்பமாக இருப்பது நமது குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வீட்டை ஆளத் தெரிந்தவர் நாட்டை ஆளவும் தெரிந்தவரே என்னும் வாதம் இங்கே முறிந்துவிடுகிறது.

பிற நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1884இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் குரோவர் கிளீவ்லாண்டு என்பவர், மணவாழ்க்கைக்கு வெளியே ஒரு குழந்தைக்குத் தந்தை என்று தூற்றப்பட்டார். அவர் உண்மையையே சொல்லும்படி தம் நண்பர்களுக்கு அறிவித்தார். அவரை எதிர்த்து நின்ற ஜேம்ஸ் பிளெய்ன் இல்லறத்தில் மாசற்றவர். ஆனால் ரயில்வேக் கம்பெனி விவகாரங்களில் பதவியைச் சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்தினார் என்ற பழி அவர்மீது இருந்தது. மக்கள் கிளீவ்லாண்டையே தெரிந்தெடுத்தார்கள். ஒழுக்கத் தவறு சிறிதென்று நான் சொல்லவில்லை. பொதுப் பணத்தைக் காப்பவன் யார் என்பதே அன்று அவர்கள் முன் இருந்த கேள்வி.

அனுதாபமும் எப்போதும் வெற்றி தருவதில்லை. எம். ஜி. ஆர். 1987 டிசம்பரில் காலமானதும், அவர் மனைவியார் ஜானகி அம்மையார் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அந்த ஆட்சி ஒரு மாதங்கூட நிலைக்கவில்லை. 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்டிபட்டித் தொகுதியில் அவர் தோல்வியும் கண்டார். நமது நாட்டில் 1994ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் இரு கைம்பெண்கள் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் 1988இல் கொலையுண்ட விஜய குமாரதுங்கவின் மனைவி சந்திரிகா; மற்றவர் தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் குண்டுவெடிப்பில் மாண்ட காமினி திசாநாயக்கவின் மனைவி ஸ்ரீமா. இருவர் துயரமும் மெய்த்துயரமே. கண்ணீரை அளவுகோலாக வைத்தால் எவருக்கு வாக்களிப்பது? சமாதானம் வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்த சந்திரிகாவுக்கு நூற்றுக்கு 62க்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன.

அப்படியானால் தலைவரின் குடும்பத்தைப் பற்றி நாம் வாயே திறக்கக் கூடாதா? திறக்க வேண்டிய இடமும் உண்டு. நான் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே வேதபாட வகுப்பில் தாவீது அரசனின் கதையைச் சொல்லித் தந்தார்கள். அவன் பிறன் மனைவியை விரும்பியதோடு நிற்கவில்லை. அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் முன்னே நிறுத்திச் சாகும்படி செய்தான். அரச அதிகாரத்தைக் கையிலெடுத்துத் தன் வீட்டு இச்சையை நிறைவேற்றிய அந்த அரசனை, தீர்க்கதரிசி நாத்தான் அரண்மனைக்கே சென்று கண்டித்தார். வீட்டு விஷயம் எங்கே நாட்டு விஷயமாகிறது என்பதற்கு இக்கதையே எல்லைக்கல்.

ஆகவே மூன்று சந்தர்ப்பங்களில் நாம் தாராளமாகக் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

முதலாவது, பதவி உறவினருக்குப் பங்கிடப்படும்போது. டி. எஸ். சேனநாயக்காவுக்குப் பின் அவர் மகன் டட்லியும், டட்லிக்குப் பின் உறவினர் சர் ஜோன் கொத்தலாவலையும் பிரதம மந்திரியானபோது, ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று மக்கள் கேலி செய்தார்கள். 2022இல் ராஜபக்ச குடும்பத்தவர் பதவியிழந்ததும் இத்தகைய கேள்வி எழுந்ததால்தான். அண்ணன் தம்பியர் ஜனாதிபதியாகவும் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த ஆட்சியில் நாடு கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தபோது, குடும்பத்தைப் பற்றிப் பேசாதே என்று எவரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, சொத்து விஷயம். 1975ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி மக்கள் பெயரிலுள்ள சொத்தையும் வெளியிடச் சொன்னது; 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. தலைவர் வாங்காத காணியை அவர் மனைவி வாங்கியிருக்கலாம் அல்லவா?

மூன்றாவது, கொடுமை. மனைவியை அடிப்பது குடும்ப விவகாரமன்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய வன்முறைக்கு எதிராக நீதிமன்றின் பாதுகாப்பை நாட வழி செய்கிறது. பலவீனர்மீது கையோங்குபவனிடம் பலவீனமான சமூகமொன்று தன்னை ஒப்படைக்கலாகாது.

இம்மூன்றுக்கும் அப்பாற்பட்ட பேச்சு வெறும் வம்பு. யாருக்குப் பிள்ளையில்லை, யார் மகள் யாரோடு போனாள், யார் மனைவி எந்தச் சாதி, எந்தச் சமயம் என்பவற்றால் நமது சம்பளச் சீட்டில் ஒரு சதமும் ஏறப் போவதில்லை. வேட்பாளரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பொய் கூறி வாக்கைத் திருப்புவது தேர்தல் சட்டப்படி ஊழல் குற்றம். ஆனால் சட்டம் பொய்யைத்தான் தண்டிக்கும். மெய்யாயினும் தேவையற்ற வம்பைத் தடுப்பது நமது நாக்கின் பொறுப்பு.

இந்த வம்புக்கு விலை கொடுப்பவர் யார்? உத்தர காண்டத்திலே, ஊரார் பேசுகிறார்கள் என்று ஒற்றர் வந்து சொன்னதைக் கேட்டு, ஸ்ரீராமபிரான் கர்ப்பிணியான சீதையைக் காட்டுக்கு அனுப்பினார். பேசியவர் ஊரார், துன்பம் சுமந்தவள் குற்றமற்ற சீதை. இன்றும் அப்படித்தான். உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் வந்தது. 2018இல் அது முதன்முறை நடைமுறையாயிற்று. எங்கள் தோட்டத்தில் பேச்சுத் திறனும் நியாய உணர்வும் உள்ள ஓர் அக்காவை நிற்கும்படி கேட்டோம். பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்பவர் அவர். "நின்றால் என் புருஷன் ஏன் பிரிந்து போனான் என்றுதானே தம்பி மேடையிலே கேட்பார்கள்? என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?" என்று மறுத்துவிட்டார். அதே தேர்தலில் நின்ற ஆண்களிடம் அத்தகைய கேள்வியை எவரும் கேட்கவில்லை. லயத்தில் சுவருக்குச் சுவர் காது உண்டு. அங்கே ஒரு வீட்டில் எழும் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். அதை மேடைக்கும் கொண்டுபோனால், நமக்காகப் பேசக்கூடிய பெண் ஒருத்தியும் முன்வரமாட்டாள். நட்டம் அவளுக்கன்று, நமக்கே.

வாலிப நண்பர்களே! இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நாம் சிறு தொகையினர். தேயிலை மலையிலும் பால் வெட்டும் இறப்பர்த் தோட்டங்களிலும் சிதறி வாழ்கிறோம். நமது வாக்குகள் கொஞ்சம். ஆகவே ஒவ்வொன்றும் அருமை. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களின் பின்னரே நாடற்றோர் என்ற பெயர் நம்மைவிட்டு நீங்கியது. அரை நூற்றாண்டு காத்திருந்து பெற்ற வாக்கை, பிறர் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதற்கா செலவிடுவது?

அடுத்த தேர்தலில் வேட்பாளர் எவரேனும் மனைவி மக்களோடு எடுத்த படத்தைக் கொண்டு வந்து நமது இஸ்தோப்பில் ஒட்டினால், மரியாதையாகக் கும்பிடுங்கள். பிறகு கேளுங்கள்: "ஐயா, உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். எங்கள் குடும்பத்துக்குக் காணி உறுதி எப்போது? எங்கள் பிள்ளைக்குக் கணித ஆசிரியர் எப்போது? மழைக்காலத்தில் மண் சரியும் இந்த லயத்திலிருந்து நாங்கள் வெளியேறுவது எப்போது?" தேர்தலிலே ஆராயப்பட வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. அது வாக்களிப்பவரின் குடும்பம்.

இளையவன் சொல்லில் பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.