பண் பெயர்த்தலும் பாட்டின் உணர்வும்



பழம்பாடல்களை மறுகலவை செய்யும் வழக்கம் பெருகியுள்ளது. 1970இல் ‘சொர்க்கம்’ படத்தில் மெல்லிசை மன்னர் தந்த ‘பொன்மகள் வந்தாள்’, 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் மீண்டும் ஒலித்தது. அங்கே மாறியது பெரும்பாலும் தாளக்கட்டே. நான் பேச வந்தது பண்ணே மாறுவதைப் பற்றி. ஒரு கட்டை ஏற்றிப் பாடுவது அன்று. தாம்பரம் மின்வண்டியில் பாடி வருவோர் நாள்தோறும் கட்டையை மாற்றுகின்றனர், பாட்டின் உணர்வு மாறுவதில்லை. சுரங்களின் இடைவெளி மாறினால்தான் உணர்வு மாறும். மேலையிசையார் இதனை மேஜர், மைனர் என்பர்.

நமக்கு இது புதிதன்று. செம்பாலையில் துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை பிறக்கும் எனச் சிலம்பின் வழிநின்று இசையறிஞர் விளக்குவர். முன்னது இன்றைய அரிகாம்போதி, மேஜரின் இனம். பின்னது நடபைரவி, மைனரேதான். குரலைப் பெயர்க்காமலும் இதனைச் செய்யலாம்: கைக்கிளையும் விளரியும் அரைச்சுரம் இறங்கினால் போதும், மற்ற ஐந்தும் அசையா.

1985இல் வெளிவந்த ‘சிந்துபைரவி’யில் இளையராசா செய்தது ஏறத்தாழ இதுவே. தியாகராசர் காம்போதியில் அமைத்த ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையை அவர் சாரமதியில் அமைத்தார். காம்போதி அரிகாம்போதியின் சேய். சாரமதி நடபைரவியின் சேய். இறைவனிடம் திரும்பத் திரும்ப முறையிடும் பாட்டாதலின் சோகம் கூட்டவே மாற்றினார் என்பர் சிலர். நான் உடன்படேன். காம்போதியிலும் முறையீடு உருக்கமாகவே நிற்கிறது. ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்னும் நாட்டுப்புற மெட்டு, இறுதியில் அக்கீர்த்தனையோடு தடையின்றிக் கலக்க வேண்டியிருந்தது. காட்சியின் வாதமே அதுதான். ஒரே பண்ணன்றோ அதனை இயல்விக்கும்? மூலத்தைச் சிதைத்தார் என்பார்க்கு என் விடை இது: காம்போதி வடிவம் அழியவில்லை, கச்சேரிகளில் இன்றும் கேட்கலாம்.

கணிப்பொறி வேறு வகை. பதிவான குரலிலேயே ஒரு சுரத்தை மட்டும் இறக்க அதனால் இயலும். பாடகர் பாடாத பண்ணை அவர் வாயிலிருந்தே வருவிக்கும். 2024இல் ‘லால் சலாம்’ படப்பாடலில் மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்கப்பட்டன. குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் அளித்ததாக ஏ.ஆர். இரகுமான் அறிவித்தார். குரலுக்குக் கேட்டார்கள், நன்று. பண்ணை மாற்றுவோர் பாடலாசிரியனிடமும் கேட்பார்களா? இறுமாந்து எழுதிய அடி இரங்கலாக ஒலிக்குமாயின், கேட்போர் அதனை அவன் கருத்தென்றே கொள்வர். நம் வட்டத்துக் கவிஞர்கள் மெட்டமைக்கப் பாடல் தரும்போது, பண்ணை மாற்றுமுன் தம்மைக் கேட்க வேண்டும் என ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.