வேலை செய்யும் இடத்தில் உட்கார ஒரு இடம்



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கிட்டு, நம்ம மசாலாப் பொடி யூனிட்டையும் இரண்டு வருஷமா கவனிச்சுக்கிட்டு இருக்கேன். "வேலை செய்யும் இடத்தில் பெண்கள் நலம்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். இது பெரிய கம்பெனிக்காரங்க பேசுற விஷயமாச்சே என்று தயங்கினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் சம்பளத்துக்கு நின்னவளாவும் இருந்திருக்கேன், இப்ப வேலை வாங்குறவளாவும் இருக்கேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்றேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி மூன்று வருஷம் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நிக்கணும். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. ஸ்டூலே கிடையாது. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவார், கேமராவில் பார்ப்பாங்களாம். பாத்ரூம் மேல் மாடியில். போகணும்னா சொல்லிட்டுத்தான் போகணும், அதுவும் எத்தனை தடவை போனோம்னு கணக்கு. அதனால நாங்க என்ன செய்வோம் தெரியுமா? தண்ணியே குடிக்க மாட்டோம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாய், அவ்வளவுதான். நீர்க்கடுப்பு வராத பொண்ணு அந்த மாடியில் ஒருத்திகூடக் கிடையாது. தீபாவளி சமயத்தில் ராத்திரி செருப்பைக் கழற்றினால் திரும்பக் காலில் ஏறாது, அப்படி வீங்கியிருக்கும். என் இடது காலில் நரம்பு சுருட்டிக்கிட்டு இருக்கிறது அந்த மூன்று வருஷத்துச் சம்பாத்தியம்தான். சம்பளம் எப்பவோ செலவாகிப் போச்சு, இது மட்டும் கூடவே இருக்கு.

அப்ப அதை ஒரு குறையா நினைக்கத் தோணவே இல்லை. கடை வேலைன்னா நிக்கிறதுதானே என்று இருந்தேன். போன வருஷம் பயிற்சிக்குப் போனப்பதான் கேள்விப்பட்டேன், கேரளாவில் கோழிக்கோட்டில் மிட்டாய்த்தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் இதுக்காகவே போராடியிருக்காங்க. விஜி என்கிற ஒரு தையல்காரப் பெண், "பெண்கூட்டு" என்று ஒரு அமைப்பை உண்டாக்கி, முதலில் கக்கூஸ் கேட்டார்களாம், அப்புறம் உட்கார இடம் கேட்டார்களாம். 2018ல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். 2021ல் நம்ம தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்து, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் மகள், மருமகள் யாராவது கடை வேலைக்குப் போனால் இதைச் சொல்லி அனுப்புங்க. முதலாளி பார்த்துச் செய்யுற தயவு இல்லை அது, சட்டம்.

சரி, அடுத்தவங்க கடையைப் பற்றி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். நம்ம யூனிட் கதைக்கு வர்றேன். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

நம்ம யூனிட்டில் முதலாளி கிடையாது, எல்லாரும் பங்காளிங்கதான்னு பெருமையா சொல்வோம். ஆனா வருகைப் பதிவேடு என் கையில். பத்து நிமிஷம் தாமதமா வந்தா அரை நாள் சம்பளம் வெட்டுறதும் நான்தான். எட்டுப் பேர் வேலை பார்க்கிறோம். வறுக்கிறவங்க அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே வறுப்பாங்க. மிளகாய் அரைக்கிற நாளில் இருமலும் தும்மலும் தெரு முனை வரைக்கும் கேட்கும். முகத்துக்கு முந்தானையைச் சுற்றிக்கிட்டு அரைப்போம். அதுதான் வழக்கம்னு விட்டுட்டோம்.

வறுக்கிற வேலையில் ஒரு அக்கா இருந்தாங்க. கைப்பக்குவம் உள்ளவங்க. மல்லி ஒரு துளி கருகாது. போன வருஷம் மாசி மாசத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வராமல் போனாங்க. வந்தாலும் நடுவில் உட்கார்ந்துடுவாங்க. நான் இரண்டு தடவை எல்லார் முன்னாடியும் கேட்டேன், "அக்கா, இஷ்டம் இருந்தா வாங்க, இல்லாட்டி சொல்லிடுங்க"ன்னு. அதோட நின்னுட்டாங்க. பதினைந்து நாள் கழித்து ஆர்டர் முடிக்க முடியாமல் முழிச்சப்பதான் அவங்க வீட்டுக்குப் போனேன். பாசத்தில் போகலை, மல்லி கருகுதேன்னு போனேன். உண்மையைச் சொல்லணும்ல.

அக்கா படுத்திருந்தாங்க. மாதவிலக்கு நிற்கிற வயசு, பெரும்பாடு மாதிரிப் போயிருக்கு. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ரத்தம் 7தான் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. பெண்களுக்கு 12 இருக்கணும். அந்த உடம்போட நாலு மணி நேரம் அனலில் நின்னிருக்காங்க. துணி மாற்ற யூனிட்டில் இடம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போகணும், அந்த வீட்டுக்காரங்க வெளியூர் போனா பூட்டியிருக்கும்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தங்கச்சி. நீ நோட்டையும் கடிகாரத்தையும்தான பார்த்தே."

எனக்கு அந்த ஜவுளிக்கடை சூப்பர்வைசர் ஞாபகம் வந்துட்டார். அவர் இடத்தில் நான் நின்னுக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த யூனிட் கூட்டத்தில் பேச்சு எடுத்தேன். சண்டைதான். "வீட்டிலும் அடுப்புக்கிட்ட நின்னுதானே சமைக்கிறோம், இங்கே மட்டும் என்ன சொகுசு"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. "மாசம் பதினோராயிரம் மிஞ்சுறதே பெருசு, அதில் கை வைக்கணுமா"ன்னு இன்னொருத்தங்க. அவங்க கேட்டதும் நியாயம்தான், கடன் தவணை எல்லாருக்கும் இருக்கு. கடைசியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் 2,400 ரூபாய், உயரமான ஸ்டூல் எட்டு, ஒன்று 350 வீதம் 2,800. மொத்தம் 5,200. மாஸ்க்கும் கைத்துண்டும் அவங்கவங்க கொண்டு வர்றது. மிளகாயை வாரத்தில் ஒரே நாள், வெயில் ஏறும் முன்னாடி அரைச்சு முடிக்கிறது. வறுக்கிறவங்க ஒரு மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றிக்கிறது. உடம்பு முடியாத நாளில் பாக்கெட் ஒட்டுற வேலை, சம்பளம் அதேதான். இதுக்கும் ஒருத்தங்க முகம் சுளிச்சாங்க, இரண்டு மாசம் கழித்து அவங்களே அந்த வேலையைக் கேட்டாங்க.

இதனால் லாபம் இரண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு கதை விட மாட்டேன். ஆனா லீவு குறைஞ்சிருக்கு. கருகி ஒதுக்குற மல்லி குறைஞ்சிருக்கு. புதுசா இரண்டு பேர் வேலைக்குச் சேர்றோம்னு வந்து கேட்டிருக்காங்க. முன்னாடி கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. அந்த அக்கா மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் ஏறி, ஆடியிலிருந்து வேலைக்கு வர்றாங்க. அரை நாள் சம்பளம் வெட்டினது மூன்று தடவை, அதைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஒன்னு மட்டும் இன்னும் ஆகலை. கக்கூஸ். இப்பவும் பக்கத்து வீட்டைத்தான் நம்பி இருக்கோம். அவங்க வீட்டில் விசேஷம்னா நமக்கு வழி இல்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்கிறது இல்லைன்னு எனக்குத் தெரியும். ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயசில் நானும் அதைத்தான் செஞ்சேன்.

யூனிட்டுக்குப் பின்னாடி இடம் இருக்கு. கொத்தனார் பார்த்து 48,000 ஆகும்னு எழுதிக் கொடுத்திருக்கார். யூனிட் லாபத்திலிருந்து 18,000 போடுறோம்னு எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். மீதி 30,000 கூட்டமைப்பு நிதியிலிருந்து வேணும். மதியம் தீர்மான நோட்டை எடுக்கும்போது இதையும் எடுத்துக்கணும்னு தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம்னு நினைக்கிறவங்க எழுந்து சொல்லுங்க, கோபப்பட மாட்டேன். அந்த அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க, கொத்தனார் எழுதின காகிதம் அவங்க பையில்தான் இருக்கு. கேட்டு வாங்கிப் பாருங்க.